முழுப் பிஸ்கட் வந்த வியாழக்கிழமை

1967 மார்ச் ஒன்பது, வியாழக்கிழமை. விடியலில் பெய்த ஆலங்கட்டி மழை எட்டு மணிக்குள் நின்றுவிட்டது. மேட்டுப் புல்வெளியிலிருந்து இறங்கிய காற்று மட்டும் சந்தைக் கடைகளின் கித்தான் கூரைகளை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

லங்காஷயரில், எங்கள் ராம்ஸ்கிளஃப் சந்தையில், மீன் கடைக்கு அடுத்தது டோர்கஸ் என்ட்விசில் அம்மையாரின் கடை. அவர் விற்றது உடைந்த பிஸ்கட் மட்டுமே. பெட்டியில் அடைக்கும்போது தொழிற்சாலையில் உடைந்துபோனவற்றை மலிவாக வாங்கி, எடைபோட்டு விற்பார். நூற்பாலைக் குடும்பங்களில் முழுப் பிஸ்கட் விருந்தாளிக்கு, உடைந்தது வீட்டாருக்கு.

ஆனால் 'உடைந்தது' என்று அவர் காதுபடச் சொல்லக்கூடாது. கடையில் நான்கு தகர டப்பாக்கள் இருந்தன. நான்குக்கும் நான்கு பழைய பெயர்கள். சரிபாதியாக உடைந்தது மொயட்டி. இளம் வயதில் வக்கீல் அலுவலகத்தில் உயில்களைத் தட்டச்சு செய்தபோது அவர் பிடித்துக்கொண்ட சொல் அது. மெல்லிய சீவல் ஷைவ். அவருடைய தாயார் ரொட்டித் துண்டை அப்படித்தான் சொல்வார். சில்லுகளுக்குப் பெயர் ஃப்ளிண்டர்ஸ். தச்சரான தகப்பனார் மரச்சிராய்க்கு வைத்திருந்த பெயர். அடியில் தங்கும் தூள் ஸ்மிதரீன்ஸ். இளையவர்கள் பலர் இச்சொற்களைக் கைவிட்டு நாளாயிற்று. ஆயினும் அம்மையாரிடம் பெயர் சொல்லாமல் எதையும் வாங்க இயலாது.

"ஒரு பவுண்டு உடைஞ்சது குடுங்க" என்று எவளாவது கேட்டால், "உடைஞ்சது எங்க வீட்டு ஜன்னல், கண்ணு. உனக்கு என்ன வேணும்?" என்பார்.

அவரே இரவில் உடைக்கிறார் என்பது சந்தையின் நெடுநாள் கேலி. "ஜெத்ரோவ டப்பா மேல உக்கார வெச்சுத்தான் உடைக்கிறியாமே?" என்பார் மீன்கார ஹோரஸ்.

"என் புருஷன் உக்காந்தா ஸ்மிதரீன்ஸ் மட்டும்தான் மிஞ்சும். மொயட்டிக்கு நான் எங்க போவேன்?"

கேலிக்குக் கேலியாகப் பதில் சொன்னாலும், அதில் அவர் உறுதியாக இருந்தார். தானாக உடைந்ததற்குத்தான் தொழிற்சாலை விலையைக் குறைக்கிறது; வாங்குபவர்களும் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். நல்லதை உடைத்து அந்தப் பெயரில் விற்பது ஏமாற்று. ஆகவே தம் கையால் ஒன்றையும் உடைத்ததில்லை.

அன்று காலை தொழிற்சாலை வண்டிக்காரர் வில்ஃப் ஆஸ்பின் நான்கு டப்பாக்களை இறக்கினார். திறந்து பார்த்த அம்மையார் திகைத்தார். உள்ளே அத்தனையும் முழுமையாக இருந்தன.

"புது மிஷின் வந்திருக்கும்மா. கொழந்தையத் தூக்குற மாதிரி தூக்கி வெக்குது. ஒண்ணும் உடைய மாட்டேங்குது. இது பழைய அச்சுல போட்டதுல மிச்சம், இனிமே பெட்டியில போட மாட்டாங்க. அதே விலைதான்."

"முழுச எங்கிட்ட யாருய்யா வாங்குவா?"

"வித்துத்தான் ஆகணும். இன்னிக்கே தீரலேன்னா, இனிமே மிச்சத்த எல்லாம் மலைக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குக் குடுத்துடப் போறதா மேனேஜர் சொல்லிட்டாரு."

சரக்கு நின்றால் கடையும் இல்லை.

முதலில் வந்தவர் நெசவாளி ஆக்னஸ் குரோம்ப்டன். டப்பாவை மோந்து பார்த்தார். "முழுசா இருக்கு, விலை மட்டும் பாதி. என்னடி இது, கால்வாயில விழுந்த சரக்கா? நமத்துப் போயிருக்குமே!"

"நேத்துப் போட்டது மாதிரி இருக்கும், ஆக்னஸ்."

"அப்படித்தான் சொல்லுவ."

தறிகளின் இரைச்சலில் பேச்சுக் கேளாது என்பதால், எங்கள் நெசவாளிப் பெண்கள் ஒலியின்றி உதட்டசைவாலேயே பேசுவார்கள். ஆக்னஸ் திரும்பி நின்று, பாலாடைக்கட்டிக் கடையருகே நின்றவளை நோக்கி உதடுகளை அசைத்தார். அவள் அடுத்தவளுக்கு அசைத்தாள். 'நமத்தது, வாங்காதே' என்ற செய்தி சத்தமே இல்லாமல் சந்தையைச் சுற்றி வருவதை அம்மையார் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். அவரும் முன்னாள் நெசவாளியின் மகள்; உதடு படிக்கத் தெரியும்.

நண்பகல்வரை ஒன்றும் விலை போகவில்லை. ஹோரஸ் தம் மரச் சுத்தியலை நீட்டினார். "நாலு போடு போடு, டோர்கஸ். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ஃப்ளிண்டர்ஸ்னு வித்துடு."

"நீ திரும்பிப்ப. நான் எங்கய்யா திரும்புறது?"

மீண்டும் அவ்வழியே வந்த ஆக்னஸை அவர் கைதட்டி அழைத்தார். "இங்க வா. கால் பவுண்டு வாங்கு. வாங்கின பொருள் உன்னோடது. உன் கையால உடைச்சுப் பாரு. நமத்திருந்தா காசத் திருப்பித் தரேன், எல்லார் முன்னாடியும் மன்னிப்பும் கேக்குறேன்."

ஆக்னஸ் வாங்கினார்; உடைத்தார். 'படக்' என்ற ஓசை மீன் கடைவரை கேட்டது.

"மொறுமொறுன்னுதான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டவர், இரு துண்டுகளையும் உயர்த்திக் காட்டினார். "இந்தா பாரு, உன் மொயட்டி."

"இதுவா மொயட்டி? ஒண்ணு தட்டு மாதிரி இருக்கு, இன்னொண்ணு வெட்டிப் போட்ட நகம் மாதிரி இருக்கு. சின்னது ஷைவ். பெரிசுக்குப் பேரே கிடையாது."

"என் பிஸ்கட்டுடி! நான் மொயட்டின்னா மொயட்டிதான்."

"காசு குடுத்தா பிஸ்கட் உன்னோடது. பேரு உன்னோடது ஆயிடுமா?"

ஆக்னஸ் விடவில்லை, இன்னொரு கால் பவுண்டு வாங்கினார். அதுவும் கோணலாகவே உடைந்தது. இம்முறை அவருடைய உதடுகள் வேறு செய்தியை அனுப்பின. பாலாடைக்கட்டிக் கடையருகே நின்றவள் முதலில் ஓடிவந்தாள். பின்னாலேயே வரிசை சேர்ந்துவிட்டது. சரிபாதியாக உடைத்துக் காட்டுவதே எல்லோருடைய நோக்கமும். ஹோரஸ் மீன் வெட்டும் கையால் முயன்று ஃப்ளிண்டர்ஸாக்கினார். "அந்தக் கையால தொட்டத நீயே தின்னு" என்றது வரிசை. என் பங்குக்கு நானும் ஒன்றை உடைத்தேன். ஷைவ் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. ஆலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் மட்டும் உண்மையான மொயட்டியை உடைத்து, இரண்டு பாதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் காட்டியபோது கைதட்டல் எழுந்தது.

மூன்று மணிக்கு நான்கு டப்பாக்களும் காலி. வெற்று டப்பாக்களை எடுக்க வந்த வில்ஃப், "அடுத்த வாரம் ஆறு டப்பாவா கொண்டாரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏற்றிக்கொண்டு போனார்.

கடையைச் சுற்றித் தரையெல்லாம் ஸ்மிதரீன்ஸ். அதைப் பார்த்த சந்தை மேற்பார்வையாளர் இடுப்பில் கைவைத்து நின்றார். "இத்தனை வருஷமா உடைச்சதே இல்லன்னு சொல்றீங்க. நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க, இன்னிக்கு நீங்க எத்தன உடைச்சீங்க?"

"ஒண்ணு. டீயோட தின்னேன்" என்றார் டோர்கஸ் அம்மையார்.