பெரிய வெள்ளியில் பூட்டிய கதவு

வெல்காட் மாளிகை 1932-ல் காலியானது. வரி கட்டி மாளாமல் கர்னல் ஃபார்க்கர் குடும்பத்தோடு கென்யாவுக்குக் கிளம்பியபோது, நாற்பது அறைகளுக்கும் காவலாக ஒரே ஆளை விட்டுப்போனார். பூங்கா வாசலில் இருந்த சின்ன வீட்டில் குடியிருந்த விதவை கெசியா ட்ரான்டர்தான் அது. வேலை பார்க்கிறவரை அந்த வீடு அவளுக்கு என்று வக்கீல் எழுதிக் கொடுத்தார்.

வேலையும் பெரிதில்லை. வருஷத்தில் ஒரு நாள், பெரிய வெள்ளியன்று, பூங்காக் கதவைப் பூட்டிவிட்டு வக்கீலுக்கு ஒரு கார்டு போட வேண்டும். பூங்காவின் குறுக்கே ஊர் ஜனங்கள் போய்வரும் பாதை ஒன்று இருந்தது. சட்டப்படி இருபது வருஷம் தடையில்லாமல் அவர்கள் நடந்துவிட்டால் அது ஊருக்குச் சொந்தம். நடுவில் ஒரு நாள் பூட்டினால் போதும், வருஷக் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பணக்காரன் மூளையே மூளை!

முதல் வருஷம் பூட்டினாள். அன்று பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி பூட்டைப் பார்த்துவிட்டு சைக்கிளைத் திருப்பி, மூன்று மைல் சுற்றிப் போனாள். அதற்குள் ஊர்க்காரன் எனோக் பிட்டின் குழந்தை செத்துப் பிறந்துவிட்டது. யாரும் கெசியாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அதன்பின் அவள் பூட்டைத் தொடவில்லை. கார்டில் மட்டும் 'பூட்டியாயிற்று' என்று எழுதிப் போட்டாள். பெரிய வெள்ளியன்று ஊரே உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருக்கும். கதவை யார் பார்க்கப் போகிறார்கள்?

போரின்போது பட்டாளம் வந்து மாடிப்படிகளைப் பெயர்த்து அடுப்பில் எரித்தது. பிறகு கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடு திருட்டுப் போயிற்று. மழை உள்ளே குடியேறியது. 1953-ல் கார்பிஷ்லி என்ற சரளை வியாபாரி மாளிகையை இடித்து விற்க வாங்கினான். கெசியாவின் வேலையும் வீடும் பழைய ஏற்பாட்டின்படியே அவனிடம் தொடர்ந்தன. பாதையையும் அடைத்தான். பள்ளிப் பிள்ளைகள் மூன்று மைல் சுற்றினார்கள்.

ஊர் வழக்குப் போட்டது. எனோக் மார்தட்டினான். "பயப்படாத கெசியா! முப்பத்தெட்டுல எங்கப்பன் பொணம் அந்த வழியாத்தானே போச்சு? பொணம் போன வழி பொது வழி!" தாத்தன் காலத்திலிருந்து எல்லாரும் நம்பியது அதைத்தான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி தலையசைத்தார். "அப்படி ஒரு சட்டமே கிடையாதுப்பா." கார்பிஷ்லியின் வக்கீல் சாவகாசமாக எழுந்து, மாளிகைப் பத்திரங்களோடு கைக்கு வந்த இருபத்தோரு கார்டுகளை மேசையில் பரப்பினார். எல்லாம் கெசியாவின் கையெழுத்து. எனோக்கின் முகம் செத்துப்போயிற்று.

கெசியாவுக்கு வயது அறுபத்தெட்டு. பேசாமல் உட்கார்ந்திருந்தால் வீடு நிலைக்கும். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்தாள்.

"எழுதினது நான்தாங்கய்யா. முதல் கார்டைத் தவிர அத்தனையும் பொய். முதல் வருஷத்தோட சரி, அப்புறம் ஒரு வருஷம்கூட நான் பூட்டல."

"யோசிச்சுப் பேசுங்கம்மா," என்றார் அதிகாரி. "வேலையைச் செய்யலன்னு நீங்களே சொன்னா, வீடு உங்க கைய விட்டுப் போயிடும்."

"தெரியுங்கய்யா. எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். சொந்தக் கூரையைப் பிய்த்துக்கொண்டு யாரும் பொய் சொல்வதில்லை என்று அவருக்குத் தெரியும். இருபது வருஷம் தடையில்லாமல் நடந்தாயிற்று, பாதை ஊருக்கு என்று தீர்ப்பாயிற்று.

வாசலில் கார்பிஷ்லி மறித்தான். "கிழவி, எப்ப காலி பண்ற?"

"காலையிலயே மூட்டை கட்டிட்டுத்தான் வந்தேன்," என்றாள் கெசியா. "வழியை விடு."