தம்மாமில் நான் அடித்த ஒரத்தநாட்டுக்காரர்

சவூதியில் தம்மாமில் எங்கள் அலுவலகத்தில் தினமும் காலை பத்து மணிக்கு மேல் ஒரு கூத்து நடக்கும். கட்டட வரைபடம் போடும் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாருடைய படங்களும் ஒரே சர்வரில் இருந்தன. அந்த சர்வரோடு இருந்த இணைப்பு திடீரென்று அறுந்துபோகும். திறந்து வைத்திருந்த படம் பாதியில் செத்துவிடும். கால் மணி, சில நாள் அரை மணி கழித்துத் தானாகவே திரும்ப வரும். சர்வருக்கும் வயருக்கும் பொறுப்பு நான் ஒருவன்தான். மூன்று வாரம் இப்படியே போனது. கேபிளை மாற்றினேன், எல்லா வயரும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் முதீர், அதாவது மேனேஜர், எகிப்துக்காரன். ஒரு நாள் ஸ்டேப்ளரை எடுத்து என் முகத்தில் எறிந்தான். புருவம் கிழிந்தது. இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் எக்ஸிட் என்றான். எக்ஸிட் என்றால் விசாவை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவது. வெளிநாட்டில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஊரில் பேசுகிறீர்களே, அந்த ஏசி அறையில்தான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வயர் பார்த்தேன்.

எங்கள் ஊர் பேராவூரணி பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேலே உள்ள ஊரெல்லாம் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர். வரவில்லையென்றால் நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். மண்வெட்டியோடு கரையில் மேல்நோக்கி நடப்போம், எவன் மறித்தான் என்று பார்க்க. நான் பத்தாவது படித்த வருஷம் நாற்று காய ஆரம்பித்துவிட்டது. அப்பாவோடு நானும் நடந்தேன். ஒரு மதகில் வைக்கோலும் மண் மூட்டையும் திணித்துவிட்டு ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மண்வெட்டியின் பின்பக்கத்தை அவன் தோளில் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடைப்பைப் பிடுங்கினோம். சாயங்காலம் எங்கள் வயலில் தண்ணீர் நின்றது. அப்பா பதினைந்து நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார், ஊர் அவருக்கு மாலை போட்டது. தண்ணீர் நின்றால் மேலே ஒருவன் இருக்கிறான், அவனை அடித்தால் தண்ணீர் வரும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் எதையும் சொல்லித் தரவில்லை.

அலுவலகத்தில் டீ போட்டுக்கொண்டு, பெரிய தாளில் படம் அச்சடிக்கும் பிளாட்டரையும் பார்த்துக்கொண்டவர் கபீர் பாய். ஒரத்தநாட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கம்பெனி எங்களைத் தங்கவைத்த கேம்ப்பில் இருவருக்கும் ஒரே அறை. எங்கள் கால்வாய் அவர் ஊரைத் தாண்டித்தான் எங்களுக்கு வரும். "நாங்க குடிச்சு மிச்சம் வச்சாதான் தம்பி உங்களுக்கு" என்று சோறு தின்னும்போது சீண்டுவார். நானும் அப்பா கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வாரக் கடைசி நெருங்கியபோது, இணைப்பு அறுந்த நிமிஷமே மேஜைகளிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். வயர் பிளாட்டர் அறைக்குள் போனது. சுவிட்ச் பெட்டியும் அங்கேதான். பக்கத்தில் கபீர் பாய் நின்றார், கை பிளக்கின் மேல். முந்தின நாளும் அங்கேதான் அவரைப் பார்த்திருந்தேன்.

"ஏன் பாய் புடுங்குறீங்க?"

"எதைத் தம்பி? பிளாட்டரைத்தானே ஆன் பண்ணேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான். வாயிலேயே குத்தினேன். மேஜை விளிம்பில் மோதி விழுந்தார். விழுந்தவரை விலாவில் உதைத்தேன். முன்பல் ஒன்று தரையில் கிடந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, "என்னன்னு சொல்லிட்டாவது அடி" என்றார்.

இணைப்பு வந்துவிட்டதா என்று பார்க்க சர்வரிடம் போனேன். வரவில்லை. நடப்பதையெல்லாம் சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவேட்டை முதல் தடவையாகத் திறந்து படித்தேன். மூன்று வாரமாக அது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது: என் எண் வேறொரு கருவியிடமும் இருக்கிறது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் வீட்டுக் கதவு போல ஓர் எண் உண்டு. மூன்று வாரம் முன்பு பிளாட்டர் புதிதாக வந்தபோது அதற்கு எண் கொடுத்தவன் நான். சர்வரின் எண்ணையே கொடுத்திருக்கிறேன். கபீர் பாய் அச்சடிக்க பிளாட்டரைப் போட்டால் எல்லா கம்ப்யூட்டரும் தடுமாறும், அணைத்தால் சரியாகிவிடும். சர்வர் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான் ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். எண்ணை மாற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

முதீர் வந்தான். படங்கள் திறப்பதைப் பார்த்தான், பிளாட்டர் அறையில் ரத்தத்தையும் பார்த்தான். நான் சொன்னேன், மை மிஸ்டேக், பிளாட்டர் நம்பர் ஐ கிவ் ராங். அவன் சிரித்து என் தோளில் தட்டினான். கெடுத்தது கபீர் பாய்தான், அடித்துவிட்டு இப்போது ஊர்க்காரனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். இன்னொரு முறை சொன்னேன். "குட் மேன். பட் ஹீ கோ எக்ஸிட். கலாஸ்" என்றான். கலாஸ் என்றால் முடிந்தது. மூன்றாவது முறை பதிவேட்டைக் காட்டிச் சொல்லியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும், எக்ஸிட் எனக்கு வந்திருக்கும். நான் சொல்லவில்லை. ஊரில் ஜெயிலுக்குப் போகத் தயாராக அடித்தவரின் மகன், இங்கே விசாவுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு நாளில் அவரை அனுப்பினார்கள். பெட்டி கட்டும்போது ஒரே ஒரு தடவை பேசினார். பல் போன இடத்தில் காற்று வந்தது.

"உங்கப்பா சரியான ஆளையாவது அடிச்சாரு."

இப்போதும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். லீவில் வரும்போதெல்லாம் தஞ்சாவூரில் பேராவூரணி பஸ் ஏறி ஒரத்தநாட்டுக்கு டிக்கெட் எடுக்கிறேன். இறங்கி, வீட்டைக் கேட்டுப் போய், அவர் பிள்ளைகள் முன்னால் நடந்ததைச் சொல்லவேண்டும் என்றுதான் எடுக்கிறேன். ஒரத்தநாட்டில் பஸ் நின்றதும் எழுந்து கம்பியைப் பிடிக்கிறேன். இறங்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். பஸ் கிளம்பும்போது கண்டக்டரிடம் பேராவூரணிக்கு இன்னொரு டிக்கெட் கேட்கிறேன். போன தடவை அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, நேரா ஊருக்கே எடுத்திருக்கலாமே?" என்றார். என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். ஊர் வரும்வரை நின்றுகொண்டே போனேன்.