அப்பாவின் கொலையை ஆராய்ந்த என் அண்ணன்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய உறவினர்களே, நண்பர்களே,

அண்ணன் அவர்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணியார் கேட்டுக்கொண்டார். புகழ்ந்து எழுதுவது எளிது. ஆனால் அண்ணன் அவர்களுக்குப் புகழ்ச்சி பிடிக்காது. ஆகவே நான் கண்டதையும் அவர் வாயால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். குடும்பத்துக்குப் பெருமை தராத செய்திகளும் இதில் உண்டு. அம்மா இருந்தவரை இவற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் மலாயாவில், யோங் பெங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா அங்கே கணக்கும் ஆள் பதிவும் பார்க்கும் பெரிய கிராணியார். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி அவர் பேச்சுதான் செல்லும். வீட்டில் எங்கள் மேல் அவர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அண்ணன் ஜொகூர் பாருவில் தெரிந்தவர் வீட்டில் தங்கி ஆங்கிலம் படித்து, பிறகு கப்பலேறிச் சென்னைக்குப் போய் பி.ஏ. தேறினார்.

அந்த ஆண்டுதான் அது நடந்தது. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில், காத்தமுத்து என்ற தொழிலாளி வரிசையை விட்டு வெளியே வந்து, பாராங் கத்தியால் அப்பாவைக் கழுத்திலும் தோளிலும் வெட்டினார். மூன்று வெட்டு. அப்பாவை ஒரு கதவுப் பலகையில் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். உடம்பைத் துடைத்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது பதினேழு வயது. சட்டை ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை, கத்தரித்துத்தான் எடுத்தோம். காத்தமுத்து ஓடவில்லை, கத்தியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். கள் வெறியில் காரணமில்லாமல் வெட்டினார் என்று வழக்கில் சொன்னார்கள். தூக்கிலிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அண்ணன் எம்.ஏ. படிக்கத் திரும்பவும் சென்னைக்குப் போனார். அதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். மலாயாத் தோட்டங்களில் கிராணிமாரும் கங்காணிமாரும் ஏன் தாக்கப்படுகிறார்கள் என்பதையே எடுத்துக்கொண்டார். ஆட்களின் குடியும் முரட்டுத்தனமும்தான் காரணம் என்று நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தாராம். பேராசிரியர் படித்துவிட்டு, இது ஒரு மகன் எழுதிய இரங்கல் உரை, ஆராய்ச்சி இல்லை என்றாராம். உங்கள் நாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நீரே போய்த் தேடும் என்றும் சொல்லிவிட்டாராம். அதுவரை அண்ணன் படித்ததெல்லாம் பிறர் எழுதியதை மனத்தில் ஏற்றிக்கொண்டதுதான். தானாகத் தேடுவது எப்படி என்று அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. அடிபட்டுத்தான் பழகினார்.

மலாயாவுக்குத் திரும்பி, முதலில் கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் எல்லாரையும் ஒன்றாக நிற்க வைத்துக் கேட்டார். துரையின் ஆள் என்று நினைத்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்னொரு தோட்டத்தில், ஆட்களைக் கிளப்பிவிட வந்தவர் என்று கங்காணி நாயை ஏவி, ஆள் வைத்தும் அடித்தார். தலையில் ஏழு தையல். அதன் பிறகு ஒவ்வொருவராகத் தனியே பார்த்தார். ஒரே கேள்வியை இரண்டு வேறு நாளில் கேட்டார். கண்ணால் கண்டது எது, காதில் விழுந்தது எது என்று பிரித்து எழுதினார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்.

அப்படித் தேடும்போதுதான் எங்கள் தோட்டத்து ஆசுபத்திரிப் பதிவேடு அவர் கைக்கு வந்தது. அப்பா வெட்டுப்பட்டதற்கு முந்தின நாளில் காத்தமுத்துவின் மனைவி அஞ்சலை பெயரில் ஒரு வரி. ஏழு மாதக் கரு இறந்து பிறந்தது. வாய்க்காலில் விழுந்ததால் முதுகிலும் வயிற்றிலும் காயம். வாய்க்காலில் விழுந்தால் முதுகில் காயம் வரி வரியாகவா விழும் என்று அண்ணன், அங்கே மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசரிடம் கேட்டார். இரண்டு நாள் மழுப்பிய டிரசர் மூன்றாம் நாள் அழுதுவிட்டார். வேலைக்குப் பிந்தி வந்ததற்காக அப்பா அந்த அம்மாளை ரோத்தான் பிரம்பால் அடித்து, விழுந்தவளை வயிற்றில் உதைத்திருக்கிறார். விழுந்ததாக எழுதச் சொன்னதும் அப்பாதான்.

அண்ணன் இதை அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் அம்மாவின் தமையனார், பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி, விறகுக் கட்டையோடு வந்தார். அப்பா பெயரைச் சந்திக்கு இழுக்கும் கை எது என்று கேட்டு, அண்ணனின் வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. நான் தடுக்கவில்லை. அண்ணன் ஆசுபத்திரியில் கிடந்தபோது அவருடைய மூன்று நோட்டுப் புத்தகங்களையும் அடுப்பில் போட்டேன்.

திரும்பி வந்ததும் நானே சொன்னேன். அன்று ஒரு தடவைதான் அவர் என்னை அடித்தார், இடது கையால். ஒரு காது இரண்டு நாள் கேட்கவில்லை.

"அப்பாவ இன்னொரு தடவ கொல்றீங்களே அண்ணே" என்றேன்.

அண்ணன் சொன்னார்: "எனக்கும் அவரு அப்பாதாம்மா. ஆனா அந்தம்மா வயித்துல செத்த புள்ளைய யாரு எழுதுறது?"

எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் எழுத ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். எல்லாம் பொய் என்று என் காதாலேயே கேட்டுவிடலாம் என்ற ஆசையும் இருந்தது. லாரியிலும் ரயிலிலும் செடெனாக் போய்ச் சேர்ந்தோம். அஞ்சலை அக்கா அங்கே ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் யார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் கையிலிருந்த வாளியை என் முகத்தில் எறிந்தார். புருவம் கிழிந்தது. அண்ணன் தம் துண்டால் என் நெற்றியைக் கட்டிவிட்டு, வாசலில் தரையிலேயே உட்கார்ந்தார். மறுநாளும் போனோம். மூன்றாம் நாள் அக்கா பேசினார்.

முதலில் கேட்டது அவர்தான். "இத எழுதுனா என் புருசன் வருவாரா? புள்ள வருமா?"

"வரமாட்டாங்க அக்கா. நடந்தது என்னன்னு ஒரு எடத்துலயாவது இருக்கும். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். அப்பா இரண்டு தடவை உதைத்தார் என்றார். அடுத்த நாள் அதையே அண்ணன் திரும்பக் கேட்டபோது, ஒரு தடவைதான், இரண்டாவது உதைக்குள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள் என்றார். ஒரு தடவை என்று எழுது, அப்பாவுக்கும் நாம் அநியாயம் செய்யக் கூடாது என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. டிரசர் சொன்னதை அண்ணன் வந்து சொன்னபோதுகூட நான் நம்பவில்லை. அந்த ஒரு உதையை நம்பினேன்.

பிறகு அண்ணன், அப்பாவை வெட்டிய அன்று காலையில் காத்தமுத்து குடித்திருந்தாரா என்று கேட்டார். அக்கா எழுந்து எங்களை அடிக்க வருவார் என்று நினைத்தேன்.

"குடிச்சிருந்தாரு. புள்ளையப் பொதச்சிட்டு வந்த மனுசன் வேற என்ன செய்வாரு?" என்றார்.

அதையும் எழுதினோம்.

கட்டுரை ஏற்கப்பட்டு அண்ணன் எம்.ஏ. பட்டம் பெற்றார். மாமா சாகும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தத் தோட்டமும் அவருக்கு வேலை தரவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியரானார். அண்ணியாரை மணந்து இரண்டு பெண் மக்களைப் பெற்றார். விடுமுறை கிடைத்தால் நோட்டும் கையுமாக ஏதாவது ஒரு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். வலது மணிக்கட்டு கடைசிவரை நேராகவில்லை; கையெழுத்து சாய்ந்தே இருக்கும்.

சென்ற ஆண்டு மாசாய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்க அண்ணன் போனார். பட்டப்பகலில், பெரட்டுக் களத்தில், மண்வெட்டிக் காம்பால் அவர் தலையில் அடித்தார்கள். பதினொரு நாள் ஆசுபத்திரியில் நினைவில்லாமல் இருந்து காலமானார். கல்லில் வழுக்கி விழுந்ததாக எழுதி எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அவரைத் தோளில் போட்டுச் சாலைவரை தூக்கி வந்த மலாய்க்காரப் பெரியவருக்கும், தம் காரிலேயே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன சீனக் கடைக்காரருக்கும், பதினொரு நாளும் அண்ணியாருக்குத் துணையிருந்த பள்ளி ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இறுதிச் சடங்குக்கு நடந்தே வந்த தொழிலாளர்களையும் மறக்கமாட்டோம்.

அந்தக் களத்தில் அன்று நின்றவர்களில் நான்கு பேர் இதுவரை என்னிடம் பேசியிருக்கிறார்கள். மற்றவர்களில் சிலர் கைக்காவது இந்த நினைவு மலர் வந்து சேரும்; அவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு காலை நான் மாசாய்க்கு வருகிறேன். உங்கள் பெயரை எழுத வேண்டாம் என்றால் எழுதமாட்டேன். பேசப் பயமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அதற்கடுத்த ஞாயிறும் வருவேன்.

இப்படிக்கு,
தங்கை