மச்சானை உட்கார வைத்தவன்

கடல் கடந்து தமிழர்கள் குடியேறிய அந்தத் துறைமுக ஊரின் சூலியா வீதியில் போய் சிக்கந்தரைத் தெரியுமா என்று கேட்டால், "யாரு, மச்சானைப் பேர் சொல்லிக் கூப்பிட்டானே, அவனா?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பார்கள். தங்கமான பிள்ளை, ஐந்து வேளை தொழுகிறவன், யாரையும் எடுத்தெறிந்து பேசாதவன் என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். ஊர் வாய் இருக்கிறதே, அதற்கு நல்லதைச் சொல்ல என்றைக்கு அவசரம் இருந்திருக்கிறது!

வாப்பாவும் உம்மாவும் அடுத்தடுத்து மௌத்தான பிறகு சிக்கந்தரை வளர்த்தது அவனுடைய லாத்தா, அதாவது அக்கா, ஹாஜரா. லாத்தாவின் கணவர் மீரா சாகிப், கப்பல்களுக்குக் கயிறும் பாய்த்துணியும் விற்கிற கடைக்காரர். பெண்டாட்டியின் தம்பிதானே என்று அவர் ஒருநாளும் ஒதுக்கியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், பிறகு கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பும் படிக்க வைத்தார். பெற்ற பிள்ளைக்கே இவ்வளவு செய்கிறவர்கள் எத்தனை பேர்? சிக்கந்தரும் அதை மறந்தவனில்லை. மச்சான் எதிரே சத்தமாகச் சிரிக்கக்கூடக் கூச்சப்படுவான்.

1936-ல் அவன் ஊர் திரும்பியபோது, வணிகக் கல்லூரி ஒன்றின் மாலை வகுப்பில் கூடைப்பந்து அணிக்குப் புது மாஸ்டர் தேவைப்பட்டார். மாலை வகுப்பு என்றால் பகலில் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை பார்த்துவிட்டு வருகிற வளர்ந்த ஆண்கள். மீரா சாகிப்பே முப்பத்தைந்து வயதில் ஆங்கிலக் கணக்கு முறை படிக்க அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். அணிக்குக் கேப்டனும் அவர்தான். பந்தை வாங்கிக் கொடுத்தவர், எல்லாருக்கும் மூத்தவர், ஆறடி ஆள். விளையாட வருமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

"புது மாஸ்டர் என் மச்சினன்தான்லா!" என்று மீரா சாகிப் துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் அவருக்கே உத்தியோகம் கிடைத்ததுபோல் இருக்கும்.

முதல் ஆட்டத்திலேயே சிக்கந்தருக்குத் தலை சுற்றிவிட்டது. தங்கராஜு என்று ஒரு துறைமுகக் குமாஸ்தா, ஒல்லியான ஆள், காற்றாகப் பறந்து கூடைக்கு நேர் கீழே போய் நின்றான். கையில் பந்து, சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. அவன் என்ன செய்தான் தெரியுமா? திரும்பிப் பார்த்தான். பாதி மைதானத்தில் மூச்சு வாங்கி நின்ற மீரா சாகிப்பிடம் பந்தைத் தூக்கி எறிந்து, "அண்ணே, நீங்க போடுங்கண்ணே" என்றான்! அண்ணனை நானா என்று கூப்பிடுகிற அப்துல் ரஹீம் என்ற இன்னொருவனும் அப்படியே, "நானா, இந்தாங்க நானா." பெரியவர் நிற்கும்போது சின்னவன் கூடையில் போடுவதா? அது மரியாதை இல்லையே! எதிரணிக்கு இது புரிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மீரா சாகிப்பைச் சுற்றி மூன்று பேரை நிறுத்திவிட்டு நிம்மதியாக ஜெயித்துவிட்டுப் போனார்கள். உலகத்தில் வேறெந்த ஊர் அணியும் இப்படித் தோற்றிருக்காது.

மறுநாள் பயிற்சியில் சிக்கந்தர் ஒரு சட்டம் போட்டான். மைதானத்துக்குள் அண்ணன் கிடையாது, நானா கிடையாது, மாமா கிடையாது. எல்லாருக்கும் பேர் மட்டும்தான்.

"சரி மாஸ்டர்" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். தங்கராஜு பந்தை எடுத்ததும், "மீரா சாகிப்பு..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "...அண்ணே!" என்று முடித்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தானே செய்து காட்டாமல் இது நடக்காது என்று சிக்கந்தருக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

"மீரா சாகிப்! பந்தை விடுங்க!"

மீரா சாகிப் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பந்தை விட்டார்.

அந்தச் சொல் அவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. லாத்தா அடுப்படியில் அவனை மறித்துக்கொண்டாள். "மச்சானைப் பேர் சொல்லிக் கூப்பிட்டியாமே? நாலு பேர் முன்னாலயா?"

"விளையாட்டுக்குத்தான் லாத்தா."

"உனக்கு விளையாட்டு. அவரு மொகம் சுண்டிப்போனா நான் இந்த வீட்டுல எப்படித் தலை நிமிந்து நடப்பேன்? எனக்கும் உனக்கும் இருக்குறது இந்த ஒரு வீடுதான்டா. உன்னால அவரு மனசு விட்டுப்போச்சுன்னா எனக்குன்னு போக வேற இடம் இருக்கா?"

அன்றிலிருந்து மைதானத்தில் சிக்கந்தர் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் லாத்தாவின் முகம்தான் கண்முன் வந்தது. இருந்தும் அவன் சட்டத்தை மாற்றவில்லை. பிடிவாதக்காரன், நல்ல பிடிவாதம்!

கொஞ்சம் கொஞ்சமாகப் பையன்களுக்குத் துணிச்சல் வந்தது. சில ஆட்டங்களில் ஜெயித்தார்கள். ஆனால் நெருக்கடி வந்தால் போதும், பந்து பழையபடி மீரா சாகிப் கையைத் தேடிப் போய்விடும். இப்படியே தட்டுத் தடுமாறி கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த சீனக் கல்லூரி அணி அந்த வருஷம் தோல்வியே காணாதது. சூலியா வீதியில் பாதிக் கடைகளைச் சாத்திவிட்டு ஆட்கள் பார்க்க வந்திருந்தார்கள்.

முதல் பாதி முடிந்தபோது அவர்கள் பதினாறு, நம்மவர்கள் ஏழு. மீரா சாகிப் மட்டும் பதினொரு முறை கூடையைப் பார்த்து எறிந்து, ஒன்றுதான் விழுந்திருந்தது. பாவம், மனிதர் உயிரைக் கொடுத்துத்தான் ஓடினார். ஓடினால் மட்டும் போதுமா?

சிக்கந்தர் தண்ணீர் குடித்தான். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், செய்தால் வீட்டில் என்ன ஆகும் என்பதும் தெரியும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவில் பந்தை மேலே எறிவார்கள், உயரமானவன் தட்டிவிட வேண்டும். ஆறடி ஆளை வெளியே அனுப்பினால் அதுவும் போய்விடும். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் போய் அவர் முன்னால் நின்றான்.

"மச்சான், நீங்க உக்காருங்க. ஓரத்துல இருக்குற சீனி முகம்மது ஆடட்டும்."

போட்ட சட்டத்தை அவனே மீறிவிட்டான். அந்த இடத்தில் பேரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"அலாமாக்!" என்று அதிர்ந்துபோய்க் கத்தியது கூட்டம். "சோறு போட்டவருக்கு நல்ல மரியாதைடா!" என்று ஒருவர் பின்னாலிருந்து கத்தினார். மீரா சாகிப் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஓரத்தில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அடடா, அதற்கப்புறம் அந்த ஐந்து பேரும் ஆடிய ஆட்டம்! நடுவில் தட்டுவது சீனர்கள்தான், ஆனால் பந்து விழுகிற இடத்தில் நம்மவன் ஒருவன் முன்னாலேயே நின்றான். யாரிடம் இருந்தால் என்ன என்று பந்து கைக்குக் கை ஓடியது. ஒன்பது புள்ளி வித்தியாசம் ஐந்தாகி, மூன்றாகி, கடைசியில் ஒன்றானது. முடிகிற நேரத்தில் தங்கராஜு கூடைக்குக் கீழே பந்தோடு நின்றான், முன்னால் யாருமில்லை.

பாழாய்ப்போன பழக்கம்! அவன் எறியவில்லை. திரும்பி, ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தான்.

சிக்கந்தருக்கு உயிரே போய்விட்டது. மீரா சாகிப் எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "போடுடா மடையா!" என்று எதிரே இருந்த சுவரைப் பார்த்துக் கத்தினார்.

தங்கராஜு போட்டான். விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்து தங்கராஜுவைத் தோளில் தூக்கிக்கொண்டது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மீரா சாகிப் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். சிக்கந்தர் அவருக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான். கோப்பை ஜெயித்தவன் நடையா அது! வாசலில் லாத்தா நின்றாள். யாரோ முந்திக்கொண்டு வந்து சொல்லியிருக்க வேண்டும், அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"பாவி, சபையில அவரை உக்கார வச்சிட்டியேடா..." என்று தம்பியைப் பார்த்துக் கையை ஓங்கினாள்.

மீரா சாகிப் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனைத் திட்டாத, ஹாஜரா. நாலு வருஷமா நான் ஆடுறேன். எனக்கு ஆட வராதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. அண்ணே, நானான்னு பந்தைக் குடுத்துக் குடுத்து ஒருத்தனும் எங்கிட்ட நெசத்தைச் சொல்லல. இவன் ஒருத்தன்தான் சொன்னான்."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. சிக்கந்தர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதான்.