ஒரு கிழமை பிந்திய கப்பல்

கல்முனை பஸ் டிப்போவின் டைம்கீப்பர் காலிதீனைத் தெரியாதவர் ஊரில் இல்லை. தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரை ஏசியிருக்கிறார்கள். மனுசன் யாருக்காகவும் பஸ்ஸை மறித்து வைத்தவரில்லை. ஆறரை என்றால் ஆறரைதான். ஒருமுறை அவருடைய சொந்த மாமியார் சம்மாந்துறைக் கலியாணத்துக்குப் போக வந்து, ஒரு காலைப் படியில் வைத்து மற்றக் காலைத் தூக்குவதற்குள் காலிதீன் விசிலை ஊதிவிட்டார். கண்டக்டரின் தோளைப் பிடித்ததால் அந்த மனுசி தப்பினா. பிறகு இரண்டு பெருநாள் கழியும்வரை மருமகனோடு கதைக்கவில்லை. காலிதீன் அதைப் பெரிதாக எடுக்கவுமில்லை.

ஆனால் தூரப் பயணம் என்று வந்தால் ஏசினவர்களும் அவரிடம்தான் வரவேண்டும். கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன், கட்டுநாயக்காவுக்கு மகளைப் பிளேன் ஏற்றப் போகிறவன், எல்லோருக்கும் கடதாசித் துண்டொன்றில் எழுதிக் கொடுப்பார். எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும், எங்கே மாற வேண்டும், எந்தச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கலாம், எங்கே குடிக்கக் கூடாது என்பதுகூட அதில் இருக்கும். அவர் எழுதினபடி போய்த் தவறினவன் கிடையாது. இத்தனைக்கும் அவர் கொழும்புக்கு அப்பால் ஒரு மைல் போனவரில்லை. அப்படிப்பட்டவர்தான் எண்பத்தாறாம் ஆண்டு இத்தாலியில் ஒரு கப்பல் பயணத்துக்கு நேரம் போட்டார்.

அவருக்கு ஆண்மக்கள் இரண்டு பேர். மூத்தவன் றஸாக், இளையவன் ஹஸன். றஸாக் நிந்தவூரில் கலியாணம் முடித்து, நம்மட வழக்கப்படி பெண்சாதி வீட்டில் இருந்தான். அவன் பெண்சாதியின் தங்கச்சியை ஹஸனுக்குப் பேசி, வார்த்தையும் கொடுத்தாயிற்று. கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, "எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு ஹஸன் வெளிநாடு ஓடிப்போனான். ஓடினவன் தப்பிவிட்டான், அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அந்தக் குமரின் முகத்தில் முழித்தவன் றஸாக் அல்லவா? அடுத்த வருசம் அவனும் இத்தாலிக்குப் போனான். மூத்தவன் நாப்போலியில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில், இளையவன் கடலுக்கு அந்தப் பக்கம் பலர்மோவில் வீடு கட்டுகிற இடத்தில். இடையில் ஒரு இராத்திரிக் கப்பல் ஓட்டம்தான். மூன்று வருசமாக ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கவில்லை.

ஆவணியில் ஹஸனிடமிருந்து கடிதம் வந்தது. 'வாப்பா, நான் செய்தது பிழை. றஸாக் காக்காவைக் காணவேணும் போல இருக்கு. நான் போன் எடுத்தால் வைத்துவிடுகிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.' காலிதீனின் பெண்சாதி ஹவ்வா உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. புருசன் வாசிக்க வாசிக்க, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதா.

"எழுதுங்க மூத்தவனுக்கு. இப்பவே எழுதுங்க. ரெண்டு பேரும் ஒரு பீங்கான்ல சோறு திண்டத நான் கேட்டாப் போதும்" என்றா.

காலிதீன் எழுதினார். றஸாக்கின் பதில் வர ஒரு மாதம் ஆனது. 'வாப்பா சொன்னால் போறேன். எப்போது போக வேணும் என்றும் நீங்களே சொல்லுங்கள்' என்று எழுதி, கப்பல் நேரங்களையும் பார்த்து அனுப்பியிருந்தான். நாப்போலியில் பின்னேரம் எட்டுக்கு எடுத்தால் விடிய ஏழுக்குப் பலர்மோ.

அன்றிலிருந்து மனுசனைப் பிடிக்க முடியவில்லை. வேலை முடிந்து வந்ததும் வாங்கில் குந்திக் கடதாசியை விரித்துவிடுவார். றஸாக்குக்கு லீவு எப்போது? புதனும் வியாழனும். அப்போ புதன் ஏற வேண்டும். கடையிலிருந்து துறைமுகத்துக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம்? அரை மணித்தியாலம் என்று எழுதியிருக்கிறான், ஆனால் பொடியன் எப்பவும் குறைத்துத்தான் சொல்வான், ஒரு மணித்தியாலம் போடு. ஐந்துக்கு வெளிக்கிடு. டிக்கெட் எடுத்த பிறகு எங்கேயும் அலையாதே. கீழ்த்தட்டில் படுக்காதே, கப்பல் ஆட்டத்தில் சத்தி வரும், மேலே காற்றுப் படுகிற இடத்தில் இரு. ஹஸன் விடிய ஏழுக்கு முதலே இறங்குதுறைக்கு வந்து நிற்க வேண்டும், தம்பிதான் காத்து நிற்க வேண்டும், காக்கா நிற்கக் கூடாது. அதற்குக் கீழே கோடும் கீறினார். பத்தாம் மாதம் இருபத்தொன்பது, புதன்கிழமை என்று டிப்போவின் கலண்டரைப் பார்த்து நாளும் குறித்தார். இரண்டு மக்களுக்கும் இரண்டு பிரதி போனது.

இரண்டு பேரிடமிருந்தும் சம்மதம் வந்தது.

ஹவ்வா உம்மா அன்றுதான் விரலை மடக்கிப் பிறை கணக்குப் பார்த்தா. பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தா.

"இஞ்ச பாருங்க, அது ஸபர் மாசமெல்லோ? மாசக் கடைசியில வாற ஒடுக்கத்துப் புதனெல்லோ! பலா முஸீபத்து, கேடெல்லாம் இறங்குற நாளு. ஊருல ஒரு மனுசன் அண்டைக்குப் பயணம் வைப்பானா? நீங்க என்ட புள்ளயக் கடல்ல ஏத்தப் பாக்கிறீங்களே!"

"விசர்க் கதை கதைக்காத புள்ள. ஒடுக்கத்துப் புதனெண்டு நான் ஒரு நாளாவது பஸ் ஓட்டாம விட்டிருக்கேனா?"

"பஸ் தரையில ஓடுது. இது ராவெல்லாம் கடல்."

காலிதீன் சத்தம் போட்டார். அவ திருப்பிச் சத்தம் போடவில்லை. அடுப்பு மூட்டினா, சோறாக்கினா, தான் மட்டும் தின்னவில்லை. மூன்றாம் நாள் தலைசுற்றிக் கிணற்றடியில் குந்திவிட்டா. ஊர் முழுக்க ஏசினாலும் அசையாத மனுசனுக்கு அதைப் பார்க்க ஏலாமல் போயிற்று. முப்பது வருசத்தில் அவ கேட்டது அது ஒன்றுதான். ஒரு கிழமைதானே என்று நினைத்தார். தபால் கந்தோருக்குப் போய் மூத்தவனுக்குத் தந்தி அடித்தார். 'பயணத்தை அடுத்த புதனுக்கு மாற்று. தம்பிக்கும் அறிவி.' வீட்டுக்கு வந்து, "சரி, பிந்திப் போட்டேன், இனித் தின்னு" என்றார். அவருடைய சேவைக் காலத்தில் ஒரு ஆளுக்காக அவர் பிந்த விட்டது அந்த ஒரு பயணம்தான்.

ஒடுக்கத்துப் புதனன்று ஹவ்வா உம்மா மாவிலையில் அல்லாஹ்வின் இஸ்ம் எழுதிக் கரைத்த தண்ணியில் தலைக்கு ஊற்றி, இரண்டு மக்கள் பேரிலும் துஆக் கேட்டா. சனிக்கிழமை பகல் தந்தி வந்தது. ஹஸன் மவுத்து.

அந்த வீட்டில் அன்று எழும்பின ஓலத்தை நான் எழுதப் போவதில்லை. ஜனாஸாவைக் காணாமல் பிள்ளையை இழந்தவர்களுக்குத்தான் அது தெரியும். காலிதீன் அழவில்லை. வந்த சனத்துக்கெல்லாம் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டே நின்றார்.

பதினைந்து நாள் கழித்துக் குணத்தின் கடிதம் வந்தது. குணம் பாண்டிருப்புப் பொடியன், பலர்மோவில் ஹஸனோடு ஒரே அறையில் இருந்தவன். ஹவ்வா உம்மா பாயில் இருந்தபடி, "வாசிங்க, ஒண்டும் விடாம வாசிங்க" என்றா.

காலிதீன் வாசித்தார். 'வியாழக்கிழமை காலை மூன்றாம் மாடியில் பலகை சரிந்து விழுந்துவிட்டான். கஷ்டப்படவில்லை, உடனே போய்விட்டான். நான் போன் எடுத்துச் சொன்னேன். றஸாக் அண்ணன் அன்று பின்னேரக் கப்பலிலேயே ஏறி விடிய வந்து சேர்ந்தார். துனிசியா நாட்டு முஸ்லிம் சனம் எல்லா உதவியும் செய்தார்கள். அண்ணன்தான் தன் கையால் குளிப்பாட்டினார். தம்பியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, என்னோடு கதையடா, கதையடா என்று கத்தினார்.'

அதற்கடுத்த வரியில் காலிதீனின் கண் நின்றது.

'அன்றைக்கு அவனுக்கு வேலையில்லை. அண்ணன் வருகிறார் என்று வியாழன் லீவு எடுத்திருந்தான், புதுச் சேட்டும் வாங்கி வைத்திருந்தான். பயணம் ஒரு கிழமை பிந்தினதால் அந்த லீவை அடுத்த வியாழனுக்கு மாற்றிவிட்டு வேலைக்குப் போனான்.'

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? வேற என்ன எழுதியிரிக்கான்?"

தொண்டையைச் செருமினார். ஸபரை நம்பாதவன், நம்பாமலே போய்த் தந்தி அடித்தவன், என் பிள்ளையை நானே அந்தப் பலகையில் ஏற்றிவிட்டேனே என்று மனம் கதறியது. இதைச் சொன்னால் இவள் இந்தப் பாயிலிருந்து எழும்பமாட்டாள்.

"நம்மட சுகம் கேட்டிரிக்கான். அவ்வளவுதான்."

கடிதத்தைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. மகனுடைய கடைசிக் கதை அதில்தான் இருந்தது. பிள்ளையின் ஞாபகம் வரும்போதெல்லாம் ஹவ்வா உம்மா அதை வாசிக்கச் சொல்வா. அவரும் வாசிப்பார். அந்த வரிக்கு வரும்போது குரல் தடங்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சனம் போன பிறகும் கேட்டா. வாசித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய கையைப் பிடித்தா.

"ஸபர் நம்மளச் சும்மா விடல்ல. ஆனா நான் மட்டும் மறிக்காட்டி மூத்தவனும் அந்தப் பலாவுல கடல்ல ஏறியிருப்பான். ரெண்டும் போயிருக்கும். ஒண்டையாவது அல்லாஹ் மிச்சம் வெச்சான். நீங்க என்ட சொல்லக் கேட்டீங்களே, அது போதும் எனக்கு."

காலிதீன் கடிதத்தை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

"ஓம் புள்ள. நீ மறிச்சது நல்லம்" என்றார்.