விட்டுவிடவா?

எண்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு தனியார் விதைக் கம்பெனியில் எழுத்தராக இருந்தேன். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். அந்த வருடத்து டைரியில் ஒரு திங்கட்கிழமைக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "தூறல். பஸ் இருபது நிமிடம் தாமதம். பன்னிரண்டு பக்கம் போயிற்று. தவறு என்னுடையது."

ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. விவசாயிகளின் பட்டியலுக்கு ஒரு புரோகிராம், கடிதங்களுக்கு வேறொன்று. வேலை முடித்து வெளியே வரும்போது இரண்டும் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கும். பட்டியல் புரோகிராம் கேட்பது, சேமிக்கவா என்று. ஆம் என்பதற்கான 'ஒய்' அழுத்தினால் பத்திரம். கடிதப் புரோகிராம் கேட்பதோ, கைவிடவா என்று. அங்கே அதே 'ஒய்' எல்லாவற்றையும் அழித்துவிடும்.

டைப்பிஸ்ட் வளவனூர்ப் பெண். பார்த்து அடிப்பதில் ஒரு பிழை வராது. ஆங்கிலம் வாசித்துப் புரிந்துகொள்வதுதான் சிரமம். அதனால் இரண்டு கேள்விகளையும் தமிழில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தேன். இரண்டாவதற்கு நான் எழுதியது, "விட்டுவிடவா?"

அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உட்கார ஒரு ஸ்டூல்தான். விதைச் சான்றுக்கான பன்னிரண்டு பக்க விண்ணப்பத்தை டைப் அடிக்கக் கொடுத்தபோது முதலாளி என்னிடம் சொன்னார்: "புதன்கெழம இது மெட்ராஸ் போவணும். ஒழுங்கா வந்தா அந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கலாம்."

திங்கள் மாலை டைப்பிஸ்ட் என்னைக் கூப்பிட்டார். "சார், இங்க வந்து பாருங்களேன். அடிச்சது ஒன்னுமே இல்ல."

"என்னம்மா அழுத்துன?"

"விட்டுடவான்னு கேட்டுது. ஒய் போட்டேன்."

"ஏம்மா?"

"கொழம்பக் கிண்டிக்கினே எங்கம்மா கேக்கும், அப்டியே விட்டுடவான்னு. எறக்காத, இருக்கட்டும்னு சொல்லுவோம். நீங்கதான சார் எழுதி ஒட்னீங்க?"

வீட்டில் மூன்று அகராதி வைத்திருந்தவன் நான். அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் உண்டென்று தோன்றவே இல்லை.

மறுநாள் நான் வாசிக்க வாசிக்க அவர் மறுபடி அடித்தார். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் சேமித்தார். ஏழாம் பக்கத்தைச் சேமித்த கையோடு கரண்ட் போனது. வந்தபோது ஏழும் இருந்தன. "பேஜாரு புடிச்ச மிஷினு, இன்னிக்கு நல்லாத்தான் கீது," என்று திரையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு என் சீட்டைக் கிழித்துவிட்டு அவரே ஒன்று எழுதி ஒட்டினார்: "தூக்கிப் போட்டுடவா? — வாணாம்!"

புதன் காலை முதலாளி பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினார். திங்கட்கிழமை நடந்ததையும், அது என் சீட்டால் வந்தது என்பதையும் சொன்னேன். அவர் குனிந்து புதுச் சீட்டைப் படித்தார்.

"யாரு எழுதனது?"

"நான்தாங்க," என்றார் டைப்பிஸ்ட்.

"சாரு எழுதனத வுட இது புரியுது," என்று சிரித்தவர் என் பக்கம் திரும்பினார். "இந்த ஸ்டூலத் தூக்கிப் போட்டுட்டு நல்ல சேரா ஒன்னு வாங்கிப் போடுங்க. தெனம் ஒக்காரப் போற பொண்ணு."

மதியம் நாற்காலி வந்தது. டைப்பிஸ்ட் உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். நான் ஸ்டூலை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும் சார், பேப்பர் வைக்க ஒதவும்," என்றார். உடனே முகத்தை அப்பாவிபோல வைத்துக்கொண்டு, "அப்டியே விட்டுடவா?"