ஏரிக்குள் சுற்றிய ஆயில் சட்டி

ஓடும் காரின் பின்பக்கம், இரண்டு கால்களுக்கும் நடுவே ஆயில் சட்டியை இடுக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கவில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் வற்றிக் கிடந்த ஏரிக்குள் வண்டியை வலப்புறமாகவே வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தவர் டாக்டரம்மா. எங்கள் ஊரில் வைத்தியம் பார்த்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், சென்னைக்கு அருகே பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில் ஓட்டியவர். நான் அவருடைய மெக்கானிக்.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சட்டியைப் பட்டறையில் சம்ப் என்போம். முந்தைய வருடப் பந்தயத்துக்கு அதை வெட்டி அகலப்படுத்திக் கொடுத்தது நான்தான். ஆயில் கூடுதலாக நின்றால் எஞ்சினுக்கு நல்லது என்பது லாரி வேலை பார்த்துப் பழகிய என் கணக்கு. தொப்பூர் கணவாயில் ஏற்றி இறக்கிச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. கணவாயில் இடது வளைவு முடிவதற்குள் வலது வளைவு வந்துவிடும், ஒதுங்கிய ஆயிலும் திரும்பிவிடும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. பந்தயத் தடத்திலோ ஒரே பக்கமாக நீண்ட வளைவு. இரண்டாம் சுற்றில் ஆயில் கிடைக்காமல் பேரிங் தீய்ந்து எஞ்சின் இறுகி நின்றது. "பொம்பள ஓட்டுனா இப்படித்தான் ஆவும்" என்று ஊரே பேசியது. டீக்கடையில் அதைக் கேட்டபடி நானும் டீ குடித்தேன். சம்ப்பை வெட்டியது நான் என்பதைச் சொல்லாமலே எழுந்து வந்தேன்.

அடுத்த வருடம் டாக்டரம்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "இந்தத் தடவையும் எஞ்சின் போச்சுன்னா அப்புறம் நான் ஓட்ட மாட்டேன் மேஸ்திரி. எந்த சம்ப்னு கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணலாங்க" என்றார். அதனால்தான் ஏரி. முதலில் ஆயில் ஊற்றிய அகலச் சட்டி. நாலாவது வட்டத்தில் ஆயில் முழுக்க இடப்பக்கம் ஏறி, நடுவே வெறும் தகரம் தெரிந்தது. ஆயிலை உறிஞ்சும் குழாய் நிற்க வேண்டிய இடம் அதுதான். வழிந்ததெல்லாம் என் வேட்டியில்.

"குழாய்க்கு என்ன கிடைக்குதுங்க?" என்றார், வேகத்தைக் குறைக்காமல்.

"காத்துதானுங்கம்மா."

பழைய அளவுச் சட்டியை எடுத்து, குழாய் வரும் இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் தகரத் தடுப்பு வைத்தேன். தடுப்பில் கீல் போட்ட சின்னக் கதவுகள். ஆயிலை உள்ளே வரவிடும், வெளியே போகவிடாது. கீல் இறுகிக்கொள்ளும், அல்லது கதவு சரியாக மூடாது. "இன்னொருக்கா பண்ணுங்க" என்பார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி முடிந்ததும் மறுபடி ஏரிக்கு வருவார். ஆறு தடவை பிரித்துச் செய்தேன். ஆறாவதில் எத்தனை வட்டம் போட்டும் நடுவில் ஆயில் நின்றது. அதையே மாட்டினோம்.

பந்தயத்தன்று அந்த நீண்ட வளைவில், வேலியோரம் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். எல்லாச் சுற்றையும் முடித்து நாலாவதாக வந்தார். இறங்கியதும், "ஆயில் பிரஷர் முள் கீழ இறங்கவே இல்லீங்க மேஸ்திரி" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"போன வருசம் நீங்க ஓட்டுனதுல தப்பு இல்லீங்கம்மா. நான் பண்ணுன சம்ப்புலதான்."

"எனக்குத் தெரியுங்க. அதை எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது?"

ஊர் திரும்பிய மறுநாள் காலை, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து டீக்கடைக்குப் போனேன். "நாலாவதாத்தான் வந்தாங்களாமே" என்று ஒருவர் இழுத்தார். டீ சொல்லாமல் நின்றபடியே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "போன வருசம் எஞ்சினக் கெடுத்தது அந்தம்மா இல்லீங்க. நான்."